கறுப்புக் கதவில் ஒரு கோடு

“எந்தப் பேடுங் அம்மணி போடட்டும்?”

மெஷின் முனையில் மாட்டும் மெத்தைப் பேடுகளைப் பார்த்தபடி, காலையிலிருந்து நாலாவது முறையாக நாச்சிமுத்து இதைக் கேட்டார். வயது ஐம்பத்து நாலு. முப்பது வருசம் லாரி ஓட்டிவிட்டு, கார்களுக்கு மெஷினில் பாலிஷ் போடக் கற்றுக்கொள்ள வந்தவர். சொல்லிக்கொடுக்கும் கனகமணிக்கு முப்பத்தொன்று. சீடர் பெரியவர், குரு சின்னவள். ஞானம் என்ன, பிறந்த தேதியா பார்க்கிறது?

“நீங்களே எடுங்க பார்க்கலாம்,” என்றாள் கனகமணி.

முன்னால் நின்றது கறுப்புக் கார். நாச்சிமுத்துவின் தம்பி துரைராசுவுடையது. தகரக் கூரை இடுக்கில் நுழைந்த வெயில் அதன்மேல் மிதந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றால் ஆழமான தண்ணீரை எட்டிப் பார்ப்பதுபோல் கிறக்கமாக இருந்தது.

அந்தக் கறுப்பின் குறுக்கே, இரண்டு கதவு நீளத்துக்கும் ஒரு கீறல்.

“உங்க கையாலயே போக்கிக் குடுங்ணா” என்று தம்பி காரை விட்டுப் போயிருந்தான். கீறியதும் அதே கைதான் என்று அவனுக்குத் தெரியாது. சொத்துப் பிரித்ததில் தோட்டத்துக் கிணறு தம்பி பங்குக்குப் போன அன்று நடந்தது அது. தெரிந்தால் ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்க மாட்டான்.

கோடு மறைந்துவிட்டால் விஷயமும் மறைந்துவிடும் என்று நாச்சிமுத்து நம்பினார்.

முரட்டுக் கம்பளிப் பேடை எடுத்தார். இருப்பதிலேயே நறநறப்பான காம்பவுண்டுப் பசையை அதில் பிழிந்தார்.

கனகமணி அதை வாங்கிக் கீழே வைத்தாள். மெத்தென்ற ஸ்பாஞ்சுப் பேடை மாட்டி, பால் மாதிரி இருந்த பாலிஷை நாலு சொட்டு விட்டாள்.

“மொதல்ல மெதுவானதுங். பத்தலைன்னாத்தான் அடுத்தது.”

மெஷின் முனகியது. கதவில் வெயில் வட்ட வட்டமாய்ச் சுழன்றது. நாச்சிமுத்துவுக்குக் கண் சொக்கியது. கோடு கரைந்துகொண்டே போவதுபோல் இருந்தது.

அவள் துணியால் துடைத்தாள். சுற்றியிருந்த சில்லறைக் கீறல்கள் போயிருந்தன. கோடு அப்படியே இருந்தது.

“கம்பளியே போட்டுரலாமுங். அழுத்தித் தேச்சா போயிரும்.”

“எங்க போகுமுங்?”

“எங்கயோ போகுது!”

“கீறல் எங்கயும் போகாதுங்ணா. அது பள்ளம். சுத்தியிருக்கிற நல்ல பெயிண்டெல்லாம் தேஞ்சு அந்தப் பள்ளத்து அளவுக்கு வரோணும். அப்பத்தான் கண்ணுக்குத் தெரியாது.”

“வரட்டுமே!”

பெயிண்டின் கனம் பார்க்கும் கருவியைக் கதவில் வைத்து எண்ணைக் காட்டினாள்.

“இவ்வளவுதான் இருக்குதுங். கோடு பாதிக்கு மேல எறங்கியிருக்கு. தேச்சுட்டே போனா அடியில தகரம் பல்லிளிக்கும்.”

நாச்சிமுத்து கம்பளிப் பேடைப் பார்த்தார். “அப்ப எதைத்தானுங் தேய்க்கறது?”

அவள் குனிந்தாள். கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். பின்கதவில் லேசாக ஆரம்பித்த விரல், முன்கதவில் வந்து அழுந்தி நின்றது.

“சாவியாலதானுங்,” என்றாள். “கீறக் கீறக் கோவம் ஏறியிருக்குது.”

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பேடுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

சாயங்காலம் வருவதாகச் சொன்ன துரைராசு மத்தியானமே வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “போயிருச்சுங்களாண்ணா?” என்றான்.

கறுப்புக் கதவில் தம்பி முகமும் தன் முகமும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. கோடு இரண்டின் குறுக்கேயும் ஓடியது. நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது.

“இல்ல சாமி,” என்றார். “அதக் கீறுனது நாந்தான்.”