களை இல்லாத பாத்தி

எங்கள் பள்ளியில் வனவியல் தொழிற்பிரிவுக்கு மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் காட்டு குரூப்பு. எங்களைக் கண்டால் கணக்கு குரூப்புக்காரர்கள் குரங்கு மாதிரி சொறிந்து காட்டுவார்கள். காட்டட்டும். குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் படித்துக்கொண்டு, நாளெல்லாம் கரும்பலகையையே பார்க்கிறவர்களுக்கு வேறு என்னதான் தெரியும்?

எங்கள் ஆசிரியை பெல்சி டீச்சர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் இறங்கினால் முழங்கை வரை சேறுதான். கேட்டால் பதில் சொல்வதை விட, "வா, பாப்போம்" என்று கூட்டிக்கொண்டு போவதுதான் அவர் வழக்கம்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் ஆளுக்கொரு பாத்தி கொடுத்தார். பாத்திக்கு ஒரு மரத்தின் விதை. எனக்குப் புங்கன். விபினுக்கு நாவல். ஜெபிஷா மட்டும் அயனி வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். பள்ளி வாசலில் நிற்கிற அயனி மரத்தின் குட்டிப் பலா மாதிரியான பழத்தைத் தின்று, கொட்டையைச் சுட்டுத் தின்று வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

ஜெபிஷா ஆறாம் வகுப்பிலேயே ரேஞ்சர் ஆகப் போகிறேன் என்று சொன்னவள். டீச்சர் ஒரு இலையைத் தூக்கிக் காட்டி முடிப்பதற்குள் பெயர் சொல்லிவிடுவாள். அயனி இலை என்றால் கையகலம், ஓரத்தில் வெட்டு கிடையாது, தொட்டால் சொரசொரப்பு என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். பரீட்சைக்கு அவள் பக்கத்து இடம் கிடைக்க நாங்கள் அடித்துக்கொள்வோம்.

ஆனி மழை பெய்தது. எல்லார் பாத்தியிலும் முளை விட்டது. என் புங்கன் கூட, அவ்வளவு சோம்பேறியான என்னிடம் கூட, ஜம்மென்று எழும்பி நின்றது. ஜெபிஷாவின் பாத்தி மட்டும் மொட்டை.

"ஒனக்கு கைராசி இல்ல பிள்ளே," என்றான் விபின். "நீ தொட்டா பிளாஸ்டிக் பூவும் வாடும்."

சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு பம்ப் செட் பின்னால் போய் அழுதாள். எங்களுக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அவளுக்கு அவசரம் இருந்தது. ஆட்டோ ஓட்டுகிற அவள் அப்பாவுக்குக் காட்டு குரூப்பு பிடிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் என்றால் கம்ப்யூட்டர் குரூப்புக்கு மாறிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அவளே டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், நான் மாறிப் போறேன்."

"எதுக்கு மக்ளே?"

"எனக்க கைக்கு ராசி இல்ல. ஒரு விதைய முளைக்க வைக்கத் தெரியாதவ எப்படி டீச்சர் ரேஞ்சர் ஆவா?"

டீச்சர் எழுந்து பாத்திக்கு வந்தார். நாங்களும் பின்னாலேயே வந்தோம், வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? டீச்சர் குனிந்து பார்த்தார். ஒரு புல் இல்லை, ஒரு பூண்டு இல்லை. கல்யாண வீட்டு முற்றம் மாதிரி சுத்தம்.

"தினமும் களை எடுப்பியா?"

"காலையில முதல் மணி அடிக்கும் முன்னயே வந்து எடுத்திருவேன் டீச்சர். ஒண்ணு விடமாட்டேன்."

"எடுத்ததெல்லாம் எங்க போட்ட?"

"பம்ப் செட் பின்னாடி."

"வா, பாப்போம்."

பம்ப் செட் பின்னால் எப்போதும் தண்ணீர் ஒழுகும். ஓலைக் கொட்டகையின் நிழலும் உண்டு. அங்கே அவள் மண்ணோடு கொத்திக் கொத்திப் போட்ட குவியல், குவியலாகவே இல்லை. பச்சைப் பசேலென்று நின்றது. பாதி புல். மீதி சாண் உயரத்துக்கு ஒரே மாதிரி செடிகள். இலையோரம் ஆழமாக வெட்டுப்பட்டு, கொஞ்சம் பப்பாளி ஜாடை.

"இது என்ன செடி?" என்று கேட்டார் டீச்சர்.

"களை டீச்சர். பேர்..." முதல் தடவையாக அவளுக்குப் பெயர் வரவில்லை. "சும்மா களைதான். எனக்க பாத்தியில இதுதான் ஓயாம வந்துது. சவம், பறிக்கப் பறிக்க வரும்."

டீச்சர் ஒரு செடியை மண்கட்டியோடு அள்ளினார். வாளித் தண்ணீரில் முக்கி முக்கி மெல்ல அலசினார். மண் கரைந்தது. வெள்ளை வேர் தெரிந்தது. வேருக்கு மேலே, தண்டோடு ஒட்டிக்கொண்டு, பாதி சுருங்கிய ஒரு கொட்டை.

அவளிடம் நீட்டினார்.

அந்தக் கொட்டையை அவளுக்குத் தெரியாதா? எத்தனை கொட்டையைச் சுட்டுத் தின்றிருக்கிறாள்!

"எம்மோ!" என்று அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "அயனியா? இதுவா? இலை டீச்சர், இலை இப்படி இருக்காதே!"

"சின்னதுல இப்படித்தான் இருக்கும்."

"நான் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டேனே டீச்சர்!"

"பிடுங்கித்தான் போட்ட. அது கேட்டுச்சா?"

விபின்தான் முதலில் சிரித்தான். பிறகு நாங்கள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே ஜெபிஷாவும் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை. கணக்கு குரூப்பின் ஜன்னலில் தலைகள் முளைத்தன. பார்த்துக்கொள்ளட்டும், வயிற்றெரிச்சல்!

அன்று சாயங்காலம் வரை எல்லோருமாகச் சேர்ந்து அந்த அயனிப் பிள்ளைகளைப் பாத்திக்கே கொண்டுவந்து நட்டோம். விபின் அவளுக்குத் தண்ணீர் சுமந்தான். "தப்பா பேசிட்டேன் பிள்ளே," என்றான். "போலே," என்று அவன் மேல் சேற்றை எறிந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. போய்ப் பார்த்தால் ஜெபிஷா பாத்தி ஓரத்தில் களைக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொத்தாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அயனிகளுக்கு நடுவே புதிதாக ஒரு முளை வந்திருந்தது. கடுகளவு இலை இரண்டு. தண்டு லேசாகச் சிவப்பு.

டீச்சர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்னது மக்ளே இது?"

நாங்கள் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தோம். அவள் குனிந்தாள், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள், விரலால் தொடப் போய் நிறுத்திக்கொண்டாள்.

"தெரியாது டீச்சர்."

"அப்ப பிடுங்கிரவா?"

"வேண்டாம் டீச்சர்!" இரண்டு கையையும் குவித்து அதைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

"சரி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அந்த கம்ப்யூட்டர் குரூப்பு?"

"இது என்னன்னு தெரியாம நான் எப்படிப் போவேன்?" என்றாள் ஜெபிஷா. "அப்பாட்ட நான் பேசிக்கிடுவேன். நீங்க சொல்லுங்க டீச்சர், இது என்ன செடி?"

டீச்சர் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து வெகுநேரம் அதைப் பார்த்தார். எழுந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"எனக்கும் தெரியாது மக்ளே," என்றார். "வளரட்டு. ரெண்டு பேருமா பாப்போம்."