தூங்கினால் காப்பகம், முழித்தால் பள்ளிக்கூடம்

ஆவரையூர்க்காரர்களிடம் யாரும் வழி கேட்பதில்லை. கேட்டால், "வழியா? அது ஊருக்குப் பொது. தூக்கிக் கொடுக்க எங்களுக்கு ஏது உரிமை?" என்று கையை விரித்துவிடுவார்கள். அந்த ஊரில் சுடலைமுத்து, பேச்சிமுத்து, கொம்பையா என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூவரில் சுடலைமுத்துதான் விவரமானவர். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இவர்களின் தங்கை இசக்கியம்மாவுக்கு டவுனில் தையல் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் வாரத்திலேயே லீவு போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வீட்டிலோ அவளுடைய இரண்டரை வயது மகள் பூவரசி.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்கோ. டவுன்ல ஒரே தெருவுல எதிரும் புதிருமா ரெண்டு இருக்கு. இந்தப் பக்கம் குழந்தைகள் காப்பகம், அந்தப் பக்கம் மழலையர் பள்ளி. புள்ளையைக் காப்பகத்துல விடுங்க. மாத்தி விட்டுராதீங்க, என் வேலையே போயிரும்" என்று சொல்லிவிட்டு இசக்கி பஸ் ஏறிவிட்டாள்.

காப்பக வாசலில் அதன் பொறுப்பாளர் டெய்சி ராணி நின்றிருந்தார். சுடலைமுத்து பவ்யமாகக் கேட்டார்: "இதுக்கும் எதுத்தாப்புல இருக்கறதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"இங்க சாப்பாடு ஊட்டுவோம், தூங்க வைப்போம், சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்போம். கத்துக்கொடுக்கறது எல்லாம் அங்கதான்."

"பார்த்துக்கிட்டேவா? கண்ணைக்கூடச் சிமிட்டாமலா?" கொம்பையாவுக்கு அந்த அம்மாளின் கண்களை நினைத்து அழுகையே வந்துவிட்டது.

பிள்ளையை விட்டுவிட்டு மூவரும் ஜன்னலோரம் நின்றார்கள். மரத்தில் ஒரு காக்கா கத்தியது. பூவரசி விரலை நீட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக, "காக்கா!" என்றாள்.

சுடலைமுத்து சட்டென்று ஜன்னலை மறைத்து நின்றார்.

"கத்துக்கிட்டாளே!" என்றார் பேச்சிமுத்து. "காப்பகத்துல உக்காந்து கத்துக்கிட்டாளே! தெரிஞ்சா வெளிய தள்ளிருவாங்களே!"

"காக்காயைப் பசுன்னு சொல்லிக் கொடுத்து அழிச்சிருவோமா?" என்றான் கொம்பையா.

சுடலைமுத்து நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "வேண்டாம்ல. தப்பாச் சொல்லிக் கொடுத்தாலும் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு பாடம் ரெண்டு பாடமாயிரும்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார்கள். பள்ளி ஆசிரியை வளர்மதி தலையை ஆட்டினார். "மூணு வயசு முடிஞ்சாத்தான் சேர்ப்போம். அதுவும் போக, புள்ளை தூங்குது பாருங்க. இங்க தூங்க வைக்க இடமில்லை."

ஆமாம், சுடலைமுத்துவின் தோளில் பூவரசி தூங்கிவிட்டிருந்தாள். தூக்கம் என்றால் காப்பகம். மூவரும் திரும்பி ஓடினார்கள். நடுத்தெருவில் ஒரு வண்டி 'பாம் பாம்' என்றது. பிள்ளை முழித்துக்கொண்டு, "ஆட்டோ!" என்றது.

"படிச்சுட்டா, படிச்சுட்டா! திருப்புங்க!" என்று அலறினார் பேச்சிமுத்து.

திருப்பினார்கள். பள்ளி வாசலை மிதிப்பதற்குள் பூவரசி கண்ணை மூடினாள். மறுபடி திருப்பினார்கள். கண்ணை மூடினால் ஒரு சவாரி, திறந்தால் ஒரு சவாரி என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஒரு கண்ணை மட்டும் மூடி மாமனைப் பார்த்துக் கிளுகிளுவென்று சிரித்தாள். ஒற்றைக் கண்ணுக்கு எந்தப் பக்கம் போவது? மூவரும் நடுத்தெருவில் நின்று மூச்சிரைக்க விவாதித்தார்கள். முன்னும் பின்னும் வண்டிகள் நின்றன. டெய்சி ராணி இந்தப் பக்கமிருந்து கத்தினார். வளர்மதி அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"ஐயா! வயசு முடிஞ்ச ஆள் இருந்தாச் சேருங்க! இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணுங்க!" என்றார் வளர்மதி.

கொம்பையா மெதுவாகக் கையைத் தூக்கினான். "எனக்கு மூணு வயசு எப்பவோ முடிஞ்சிருச்சு, டீச்சர்."

சுடலைமுத்துவின் முகம் மலர்ந்தது. "நீ போய்ச் சேர்ந்துருல! இனிமே புள்ளை எதைக் கத்துக்கிட்டாலும், வீட்டுல மாமன் சொல்லிக் கொடுத்ததுன்னு சொல்லிக்கலாம். காப்பகத்து மேல குத்தம் வராது."

பூவரசி காப்பகத்துக்குள் போனாள். கொம்பையா பள்ளிக்குள் போய்க் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். டீச்சர் வாய் திறப்பதற்குள், பக்கத்திலிருந்த வாண்டு இவன் மீசையைப் பிடித்து இழுத்து நிஜம்தானா என்று பார்த்துக்கொண்டான். பிறகு பாட்டு தொடங்கியது. பாட்டில் யானை வருவதற்குள் கொம்பையா குறட்டை விட ஆரம்பித்தான்.

வெளியே காவல் நின்ற அண்ணன்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போனார்கள். ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கி, தெருவைத் தாண்டினார்கள். ஏன் என்று கேட்கும் தெம்பு டெய்சி ராணிக்கு இல்லை. பாயை விரித்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து இசக்கி ஓடிவந்தாள். காப்பகத்தில் கொம்பையா நடுவில் மல்லாந்து கிடந்தான். பூவரசி அவன் வயிற்றைத் தட்டித் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! சின்னண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று இசக்கி கூவினாள்.

சுடலைமுத்து பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாத தாயி! முழிச்சான்னா திரும்பவும் அந்தப் பக்கம் தூக்கிட்டு ஓடணும்."