கொம்புச்சாவுக்கு வளைகாப்பு

மூக்கணாம்புதூர் தீத்தானுக்குப் பெண் அமையாததற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு மூத்தவர் பொங்கியண்ணனும் அடுத்த அண்ணன் நஞ்சப்பனும் தங்கள் கல்யாணத்தைப் பற்றியே இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் யோசிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. சிக்கலே அங்கேதான்.

சின்னம்மா மகள் அம்சவேணி கோயம்புத்தூரில் யோகா டீச்சர். அவள்தான் தீத்தானுக்கு மிருதுளா என்ற பெண்ணைப் பார்த்தாள். உடம்பு விஷயத்தில் கறாரான குடும்பமாம். விருந்தாளியாகப் போனாலும் காப்பி, கலர் தொடமாட்டார்களாம், கொம்புச்சாதானாம். அதை வீட்டிலேயே போட்டு வைத்திருந்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி என்றாள்.

நஞ்சப்பன் உடனே தொழுவத்துக்குப் போய், எருமைக்கு ஒரு கொம்பு போனால் பரவாயில்லையா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். கொம்பெல்லாம் வேண்டாம், டீத்தண்ணியைச் சக்கரை போட்டுப் புளிக்க வைப்பதுதான் கொம்புச்சா என்று அம்சவேணி விளக்கினாள். பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தாள். உள்ளே ஊறிப்போன ஆப்பம் மாதிரி ஒன்று மிதந்தது.

“இதுதான் தாய்” என்றாள்.

மூவரும் செருப்பைக் கழற்றினார்கள்.

ஆறிய சக்கரை டீயில் தாயை விடணும். மெல்லிசுத் துணியால் வாயைக் கட்டணும். இருட்டான இடத்தில் வைக்கணும். கொஞ்ச நாளில் மேலே ஒரு குட்டி பிறக்கும், பின்னால் அதுவும் ஒரு தாயாகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். யாருடைய வாயைக் கட்டணும் என்று மட்டும் சொல்லவில்லை.

டீ போட்டு ஆறவைத்துத் தாயை விட்டதும், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வாயையும் கட்டிவிட முடிவு செய்தார்கள். அந்த வீட்டில் மெல்லிசுத் துணி என்றால் தீத்தானின் புதுச் சட்டை ஒன்றுதான். முதுகுப் பக்கத்தை வெட்டியதில் நான்கு துண்டு தேறியது. ஜாடிக்கு ஒன்று, அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்கொன்று. அன்று முழுக்க மூவரும் கையாலேயே பேசினார்கள். சோற்று நேரத்தில்தான் இதில் ஏதோ தப்பு என்று தீத்தானுக்குப் பட்டது.

அடுத்தது இருட்டு. பீரோவுக்குள் இருட்டாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வெளிச்சமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், அங்கேயும் வெளிச்சம். பரணில்கூட டார்ச்சைக் கொண்டுபோனதும் பளிச்சென்று ஆகிவிட்டது. இந்த வீட்டில் இருட்டே கிடையாது, கட்டின கொத்தனாரைச் சொல்லணும் என்றார் பொங்கியண்ணன். கண்ணை மூடினால் எல்லா இடமும் இருட்டாகிவிடுவதைத் தீத்தான்தான் கண்டுபிடித்தான். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு ஜாடியைத் தூக்கிப்போய், நல்ல இருட்டாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தார்கள்.

எங்கே வைத்தார்கள் என்பது அதன்பிறகு யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எறும்புச் சாரை ஒன்றின் பின்னாலேயே போனபோது, கூடத்தின் நட்டநடுவில், தூக்கின இடத்திலேயே ஜாடி இருந்தது.

ஜாடியைப் பார்த்ததும் பொங்கியண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“ஏண்டா, குட்டி பிறக்கும்னா இப்ப இது முழுகாம இருக்குதுன்னு அர்த்தம்.”

“ஆமாங்ணா. வளைகாப்பு போடாம விட்டா ஊரு என்ன பேசும்?” என்றார் நஞ்சப்பன்.

“அப்பன் யாருன்னு கேட்டா?” என்றார் பொங்கியண்ணன்.

மூவரும் யோசித்தார்கள். நஞ்சப்பன் குரலைத் தாழ்த்தி, “சக்கரையாத்தான் இருக்கும். உள்ள போனதோட சரி, அப்புறம் ஆளையே காணோம்” என்றார்.

சக்கரைமேல் வந்த கோபத்தில், தீத்தான் அன்றிலிருந்து சக்கரை போடாத டீதான் குடித்தான்.

ஜாடிக்குக் கையில்லாததால் கண்ணாடி வளையல்களை நூலில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். கட்டுச்சோறு விருந்துக்குத் தெருப் பெண்கள் வந்தார்கள். ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் காலையில் மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை ஒன்று படிந்திருந்தது. அப்படியே தாய்ச்சாயல். தீத்தான் வீடு வீடாகக் கற்கண்டு கொடுத்தான். அதற்குள், பிள்ளை பெற்ற தண்ணியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று பேச்சு வந்தது. கூடாது என்று, நன்றாகப் புளித்து நின்ற டீ முழுவதையும் தென்னைமரத்தடியில் கொட்டினார்கள். தாயையும் சேயையும் வெந்நீரில் குளிப்பாட்டி, ஜாடியோடு தொட்டிலில் போட்டார்கள்.

மறுநாள் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். பெண்ணும் அவள் அப்பா அவிநாசியப்பனும். தீத்தான் அதே புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான்.

“கொம்புச்சா போட்டு வெச்சிருக்கீங்கன்னு அம்சவேணி அக்கா சொன்னாங்களே?” என்றாள் மிருதுளா.

“தொட்டில்ல தூங்குதுங்க. தாயும் பிள்ளையும் சுகம்” என்றான் தீத்தான்.

அவள் தொட்டிலைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தன்னால் ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்பட்டுத் தீத்தான் பார்த்ததில்லை. அவள் அப்பா காதில் ஏதோ சொன்னாள். அவரும் தொட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு, மகள் இஷ்டம் என்று பெருமூச்சு விட்டார்.

“தை மாசம் வெச்சுக்கலாமுங்களா?” என்றார்.

பொங்கியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னிக்கோணுமுங்க. வீட்டுல ஒரு பொண்ணு இருக்குதுங்க. அதைக் கட்டிக்குடுக்காம பையனுக்கு எப்படிங்க செய்யறது?”

எந்தப் பெண் என்று கேட்டார் அவிநாசியப்பன். மூவரும் தொட்டிலைக் காட்டினார்கள். பின்னால் அதுவும் தாயாகும் என்றால் அது பெண்தானே. தீத்தான் ஏக்கத்தோடு மிருதுளாவைப் பார்த்தான். ஆனாலும் அண்ணன் சொன்னதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மிருதுளா விடவில்லை. “எங்க வீட்டு ஜாடியிலயும் ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கே கட்டிக்குடுத்தர்லாம்.”

மூவர் முகமும் மலர்ந்தது. வழக்கப்படி பொங்கியண்ணன் பூர்வீகம் விசாரித்தார். அம்சவேணி அக்கா கொடுத்ததுதான் என்றாள் அவள்.

“அடடா” என்றார் நஞ்சப்பன். “அப்ப ஒரே வயித்துப் பிள்ளைங்க. அண்ணன் முறையாகுதுங்களே.”

அவிநாசியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள் மிருதுளா. அடுத்த நாளே தீத்தான் மாப்பிள்ளை தேடக் கிளம்பினான். பக்கத்து வீட்டு இட்லி மாவை நேரில் பார்த்துவிட்டு வந்து அண்ணன்களிடம் சொன்னான்:

“பையன் நல்ல நிறமுங்ணா, குடும்பமும் பெருசு. ஆனா கோவக்காரன். நான் பாக்கையிலயே பொங்கறான்.”