ஒரே ஒரு பிட்

கொல்லிமலை அடிவாரத்தில் பனி விலகாத ஊர் ஒன்று. அங்கே ஒரு கடைசல் பட்டறையில் மரச்சுருள் கூட்டி அள்ளுகிறவள் செண்பகவல்லி. மரம் கடையும் லேத்தின் ரீங்காரம் கேட்டால் வேலையை மறந்து சொக்கி நிற்பாள். தூக்கத்திலும் அவள் கைக்குள் மரம் சுழலும்.

ஒருநாள் லேத்தில் வேலை கேட்டாள். மேஸ்திரி சிங்காரவேலர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மிளகுத் திரிகை ஒண்ணு கடைஞ்சு காட்டு. மேலே தண்டு நுழைய விரல் தடிமனுக்குத் துளை வேணும். கீழே அரைக்கிற பல் உட்கார மூணு விரல் அகலம் வேணும். ஆனா துளை போட ஒரே ஒரு டிரில் பிட்தான் எடுக்கணும். முடியலேன்னா, நாளையிலிருந்து இந்தப் பக்கமே வராதே!"

சொல்லிவிட்டு, இருப்பதிலேயே அகலமான சீமை பிட்டைத் தாராளமாக நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. விரல் தடிமன் பிட்டை எடுத்து, மரத்தை நேராகத் துளைத்து முடித்தாள். பிறகு வளைந்த உளியை எடுத்துச் சுழலும் மரத்தின் அடிவாயை அகட்டினாள். சுருள்கள் வெள்ளைப் பூவாகப் பனிக்குள் மிதந்தன. தண்டையும் பல்லையும் பொருத்தி, மிளகைப் போட்டுத் திருகியதும் மிளகு வாசம் பட்டறையை நிறைத்தது.

"உளியை யார் எடுக்கச் சொன்னது?" மேஸ்திரி கத்தினார்.

"ஒரே பிட்டுன்னுதானுங்க சொன்னீங்க. உளி பிட் இல்லீங்களே! சின்ன ஓட்டையைப் பெரிசாக்கிக்கலாம்ங்க. நீங்க நீட்டினதை வாங்கியிருந்தா, பெரிய ஓட்டையை எப்படிங்க சின்னதாக்குறது?"

பட்டறையே சிரித்தது. மறுநாள் காலை அவள் லேத்தின் முன் நின்றாள். ஸ்விட்சைப் போட்டுவிட்டது மேஸ்திரிதான்.