பூ வராத வாசல்கள்

முன்னொரு காலத்தில், காய்ச்சலுக்கே கட்டளை போட்டுப் பார்த்த ராஜா ஒருவர் இருந்தார். தை முதல் நாள் அவருக்குப் பிறந்தநாள். அந்த ஆண்டு ஐப்பசியில் தொடங்கிய குளிர்காய்ச்சல் மார்கழி பிறந்தும் ஊரை விட்டுப் போகவில்லை. தினமும் யாராவது அவைக்கு வந்து அழுதுகொண்டு நின்றால் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது? ராஜா ஒரு முடிவுக்கு வந்தார். தை முதல் நாள் கழியும்வரை அரண்மனைக்குள் ‘காய்ச்சல்’ என்றோ ‘சாவு’ என்றோ யாரும் சொல்லக் கூடாது, மீறினால் நாக்கு இருக்காது என்று முரசறைந்தார்கள். மறுநாள் முதல் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நோய் குறைந்துவிட்டது என்று ராஜா நம்பினார். ஊருக்குள் பாடை மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அந்த அவையில் சடையாண்டி என்றொரு விகடன் இருந்தான். தூணில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பேசுவான். அவன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் மந்திரி வாகீசருக்கு வயிறு எரியும். ஏனென்றால் பாதி நாள் சிரிப்பு அவரைப் பற்றியதாக இருக்கும்.

ஒருநாள் வாகீசர் எழுந்தார்.

“அரசே, ‘அந்த விஷயம்’ குறித்து ஒரு விண்ணப்பம். இதுவரை ஏழு பேர்தான். ஆயினும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். குயவர் தெருச் சூளைப் புகை. நாற்பது வீட்டாரையும் ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுச் சூளைகளை இடித்துவிடலாம். தை இரண்டாம் நாள் உகந்த நாள்.”

ராஜா தலையசைக்கப் போனார்.

“ஏழு பேரையும் எண்ணியது யார், மந்திரியாரே?” என்றான் சடையாண்டி.

“நான்தான்.”

“எங்கே உட்கார்ந்து எண்ணினீர்கள்?”

அவை சிரித்தது. வாகீசர் ராஜாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எண்ணுவதில் இவனுக்கு இத்தனை ஆர்வமா? நல்லது. தங்கள் பிறந்தநாளன்று ஊரில் எத்தனை வாசலில் கோலம் போட்டார்கள் என்று உச்சிவேளைக்குள் இவன் தனியாக எண்ணிச் சொல்லட்டும். துணைக்கு ஆள் கூடாது. ஒன்று குறைந்தாலும் குயவர்களோடு இவனும் அக்கரைக்குப் போகட்டும். சரியாகச் சொன்னால், சூளையைப் பற்றி இவன் சொல்வதைக் கேட்போம்.”

தன் பிறந்தநாளுக்கு எத்தனை கோலம்! ராஜாவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. “அப்படியே ஆகட்டும்” என்றார்.

அன்று மாலை சடையாண்டி குயவர் தெருவுக்குப் போனான். செம்பாயி என்பவள் சக்கரத்திலிருந்து கையெடுக்காமலேயே பேசினாள்.

“வாய்யா. எங்களோட நீயும் படகுல ஏறப் போறியாமே.”

“செய்தி எனக்கு முன்னாடி வந்துருச்சா ஆத்தா.”

“ஊரு பூரா ஆயிரத்து எண்ணூறு வாசலு. ஒத்த ஆளு எண்ணுனா காலு ஒடிஞ்சு போயிரும். நீ தோத்தாலும் உனக்கு வாயி இருக்கு, எங்க போனாலும் பொழைச்சுக்குவ. நாங்க சூளையத் தலையில தூக்கிட்டா போவோம்? அக்கரையில வெறும் மணலு. பானை புடிக்கிற மண்ணு இங்கதான கெடக்கு.”

அவள் சொன்னது உண்மை என்று சடையாண்டிக்குத் தெரியும்.

“உங்க தெருவுல காய்ச்சல்ல எத்தன பேரு போனாங்க?” என்று கேட்டான். அரண்மனைக்கு வெளியே அவனுக்கு நாக்கு இருந்தது.

“ஒரு கெழவரு போனாரு. அவரும் மாடு முட்டி.”

அவன் சூளைப் புகையைப் பார்த்தான், பிறகு அடுக்கியிருந்த பானைகளைப் பார்த்தான்.

“இருபத்துநாலு பானை வேணும் ஆத்தா. வாய் அகலமா.”

“எதுக்கு?”

“தெருவுக்கு ஒண்ணு.”

சடையாண்டி சொல்லி, மறுநாள் ஊரில் முரசு ஒலித்தது. தை முதல் நாள் கோலம் போட்ட வீட்டார், கோலத்தின் நடுவே வைக்கும் பூசணிப்பூவில் ஒன்றைக் கொண்டுவந்து, அரண்மனை முற்றத்தில் தங்கள் தெருவின் பானையில் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பூ. அத்தனையும் ராஜாவுக்கு மாலையாகும். பூசணிப்பூ மாலை எந்த ராஜாவும் போட்டதில்லையே என்று சிலர் யோசித்தார்கள். ஆனாலும் பிறந்தநாள் பாருங்கள், யார் கேட்பது?

தை முதல் நாள் விடிந்தது. சடையாண்டி வீட்டை விட்டு நேராக முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. ஊர் அவனைத் தேடி வந்தது. பெண்கள் ஈரக் கையோடு வந்து பூவைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பூவுக்கும் அவன் ஓலையில் ஒரு கீறல் போட்டான். ராஜாவின் ஆசனத்தை முற்றத்தின் வடக்கே, பானைகளுக்கு இடையில் ஓரிடத்தில் போடச் சொல்லியிருந்தான்.

உச்சிவேளையில் அவை கூடியது.

“இவன் எங்கும் போகவில்லை, அரசே” என்றார் வாகீசர். “ஊரையே துணைக்கு வைத்துக்கொண்டான்.”

“எனக்கு யாரும் துணை வரவில்லை. அவரவர் ராஜாவுக்குப் பூ கொண்டுவந்தார்கள். எண்ணியது நான் ஒருவன்” என்றான் சடையாண்டி. “கோலம் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. காவலர் ஓலைப்படி ஊரில் வாசல் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.”

ராஜாவின் முகம் மாறியது.

“அப்படியானால் இருநூற்று இருபத்தெட்டு வீட்டில் என் பிறந்தநாளுக்குக் கோலம் போடவில்லையா? ஏன்?”

“காரணம் சொல்ல எனக்கு நாக்கு வேண்டும், அரசே. தை முதல் நாள் இன்னும் கழியவில்லை.”

துக்கம் விழுந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகைக் கோலம் கிடையாது. இது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ராஜாவுக்கும் தெரியும்.

“எல்லாம் அதுவாகவே இருக்க வேண்டுமா?” என்றார் ராஜா, மெல்ல. “சிலர் சோம்பேறிகளாக இருப்பார்கள்.”

“இருக்கிறார்கள். அந்த இருநூற்று இருபத்தெட்டில் ஒன்று என் வாசல். எனக்குக் கோலம் போட வராது. சோம்பல் எல்லாத் தெருவிலும் இரண்டு வீடு, மூன்று வீடு இருக்கும். இருபது தெருப் பானைகளில் அப்படித்தான் குறைகிறது. அதில் ஒன்றான குயவர் தெருவில் நாற்பது வீடு, முப்பத்தொன்பது பூ. மற்ற நான்கு தெருக்களை மட்டும் தாங்களே பாருங்கள். ஒரே தெருவில் ஐம்பது வீட்டுக்கு ஒரே நாளில் சோம்பல் வராது.”

ராஜா பார்த்தார். எங்கோ மூலையில் குயவர் தெருப் பானை மஞ்சளாக நிறைந்திருந்தது. அவர் ஆசனத்தைச் சுற்றியிருந்த நான்கு பானைகளில் அடி தெரிந்தது.

“பானைகளை ஏன் இப்படித் தாறுமாறாக வைத்தாய்?”

“தங்கள் ஊர் இப்படித்தான் கிடக்கிறது, அரசே. தெரு இருக்கிற இடத்தில் அதன் பானை.”

“நான் உட்கார்ந்திருக்கும் இடம்?”

“தாமரைக் குளம்.”

போன ஆடியில், தாமரை பார்க்க ஆசைப்பட்டு ராஜா வெட்டிய குளம் அது. நீர் வர வழி உண்டு. வெளியே போக வழி வைக்கவில்லை.

“என் குளமா? அது எப்படி?”

“எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கே என்று மட்டும் தெரியும்.”

ராஜா குனிந்து, தன் காலடியில் இருந்த அமைச்சர் தெருப் பானையை எடுத்தார். முப்பத்திரண்டு வீட்டுக்குப் பதினொரு பூ. அவர் நிமிர்ந்தார்.

“வாகீசரே, இதில் உம் வீட்டுப் பூ எது?”

வாகீசரின் கைகள் மேலாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. சடையாண்டி தன் கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தான். இந்தக் கேள்வியை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

“என் பேத்தி, அரசே” என்றார் வாகீசர். “கார்த்திகை பதினோராம் நாள். காய்ச்சல்.”

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா அசையவில்லை.

“அந்த ஏழில் அவள் உண்டா?”

“இல்லை.”

“ஏன்?”

“ஏழு என்றதற்கே தங்கள் முகம் வாடியது.”

ராஜா எழுந்தார். கட்டளையைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், வேறு விதமாகச் சொன்னார். “காய்ச்சலில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று நாளை முதல் தெருவுக்குத் தெரு எனக்குச் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால்தான் தண்டனை. குயவர்கள் எங்கும் போக வேண்டாம்.” பிறகு விகடனைப் பார்த்தார். “உனக்கு என்ன வேண்டும்?”

“தாமரைக் குளம் வேண்டும், அரசே.”

ராஜா ஒரு கணம் கண்ணை மூடினார். கொடுத்தார்.

மறுநாள் குயவர் தெருவின் நாற்பது வீட்டாரும் வண்டி கட்டினார்கள். மூன்று தலைமுறையாகச் சூளையடியில் குவிந்துகிடந்த உடைந்த ஓடு அத்தனையும் குளத்துக்குள் போயிற்று. தண்ணீரை ஆற்றுக்கு வெட்டிவிட்டார்கள். முதல் வண்டியோடு நடந்து வந்தவர் வாகீசர். அவரை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த தை முதல் நாள், அதே முற்றத்தில் அதே பானைகள். அமைச்சர் தெருப் பானையில் முதல் பூவை வாகீசர் தம் கையாலேயே போட்டுவிட்டு, நிற்காமல் போனார். உச்சிவேளையில் சடையாண்டி எண்ணிக்கை சொன்னான். பூ வராத வாசல் ஐம்பத்திரண்டு.

“ஐம்பத்து மூன்று இருக்க வேண்டுமே” என்றார் ராஜா. துக்க வீடு எது, கோலம் போடாத வீடு எது என்று குறித்த காவலர் ஓலையைப் படிக்க இப்போது அவரும் கற்றிருந்தார். “உன் வீடு?”

“நானும் போட்டேன்.”

ராஜா நம்பவில்லை. நடந்தே போய்ப் பார்த்தார். விகடன் வாசலில் வெள்ளை மாவில் ஏதோ ஒன்று இருந்தது. எந்தப் புள்ளியும் எந்தக் கோட்டோடும் சேராமல் தனித்தனியே நின்றது.

“கோழி கிளறியிருக்கிறதா?”

“எண்ணிக்கைக்குள் வரும், அரசே.”

போன தைக்குப் பிறகு முதன்முறையாக ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், கழுத்தில் கனத்துக்கொண்டிருந்த பூசணிப்பூ மாலையைக் கழற்றி அவனுக்குப் பரிசாகப் போட்டார். சடையாண்டி குனிந்து வாங்கிக்கொண்டு, அதிலிருந்து ஒரு பூவைப் பறித்துத் தன் கோலத்தின் நடுவில் வைத்தான்.