சங்கு ஊத முடியாத அரசன்

வெகு காலத்துக்கு முன்னால் கொற்றையூர் நாட்டை வேம்பமாறன் என்றொரு அரசன் ஆண்டான். நல்லவன்தான், ஆனால் மூக்கின் மேல் கோபம். கோபத்தில் வாயில் வருவதுதான் சட்டம். வயது நாற்பதுதான். அதற்குள் மாலையானால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

அவனுடைய தம்பி சாத்தன். பௌர்ணமியன்று மாலை அவன் மாந்தோப்பில் எதிரி நாட்டுத் தூதனைச் சந்தித்தான் என்று சேனைத்தலைவர் கச்சிராயர் ஒருநாள் சபையில் போட்டுக்கொடுத்தார். அரசன் கொதித்துப்போனான். தம்பியை வாய் திறக்க விடாமல் அப்போதே நாடு கடத்தினான். மறுநாள் கோபம் தணிந்து ஆளனுப்பினால், ஆற்று வெள்ளத்தில் சாத்தன் மூழ்கிப்போனான் என்ற சேதிதான் திரும்பி வந்தது. தம்பி குற்றவாளியா இல்லையா என்றுகூடத் தெரியாமல் அரசன் அழுதான்.

அழுத கையோடு அமைச்சர் நல்லாதனாரை அழைத்தான். இன்னொரு உயிர் இப்படிப் போகாமலிருக்க வழி சொல்லும், இல்லையென்றால் பதவியை விட்டுப் போம் என்றான்.

"இனி யாரையாவது நாடு கடத்துவதென்றால் உங்கள் பாட்டனாரின் சங்கை நீங்களே ஊத வேண்டும், அரசே. சங்கு முழங்கினால்தான் ஆணை செல்லும்."

இவ்வளவுதானா என்று அரசன் ஒப்புக்கொண்டான். சங்கு ஊதப் பழக்குகிறேன் என்று அமைச்சர் தினமும் மாலையில் அவனை எதிரே உட்காரவைத்தார். மூக்கால் மெதுவாக இழுக்க வேண்டும், வயிறு நிறைய வேண்டும், இழுத்ததைவிட நிதானமாக விட வேண்டும். அரசருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கிறாராம், அடுத்து தூங்கக் கற்றுக்கொடுப்பாராம் என்று கச்சிராயர் ஊரெல்லாம் கேலி பேசினார். அவர் வாய் முகூர்த்தம், அரசனுக்கு நல்ல தூக்கம் வந்தது. தலைவலியும் குறைந்தது.

கச்சிராயருக்கு வயிறு எரிந்தது. நேற்று மாலை அமைச்சர் வடக்கு வாசலில் எதிரி ஒற்றனோடு பேசினார், என் கண்ணால் பார்த்தேன் என்று சபையில் சொன்னார்.

பழைய கோபம் மொத்தமும் திரும்பி வந்தது. அரசன் துள்ளி எழுந்து சங்கை எடுத்து ஊதினான். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினான். எச்சில் தெறித்தது. சபை சிரிப்பை விழுங்கிக்கொண்டது. அமைச்சர் பணிவாகப் பக்கத்தில் வந்தார்.

"இப்படி மூச்சு இரைத்தால் நிறையக் காற்று போவதுபோலத் தெரியும், அரசே. தலைக்குப் போய்ச் சேர்வது குறைவு. மெல்ல இழுங்கள். என்னை நாடு கடத்த வேண்டுமே."

அரசன் கண்ணை மூடி இழுத்தான், விட்டான். கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கியது. சங்கை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

"கச்சிராயரே, நேற்று மாலையா?"

"ஆமாம், அரசே."

"நேற்று மாலை இவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்."

போன தடவை எடுபட்டதே என்ற தைரியத்தில், பொய்க்கு நேரம் பார்க்கக்கூட மனிதர் மெனக்கெடவில்லை. சபையே சிரித்தது. அரசன் மட்டும் சிரிக்கவில்லை. தெளிந்த தலையில் அடுத்த நினைவும் வந்துவிட்டது. அந்தப் பௌர்ணமி மாலையில் அவன் தலைவலியில் சுருண்டு கிடந்தான். இருட்டும்வரை அவன் நெற்றிக்கு மருந்துப் பற்றுப் போட்டபடி பக்கத்தில் இருந்தவன் சாத்தன்.

"என் தம்பி என்னோடுதான் இருந்தான், நல்லாதனாரே. எனக்கே தெரிந்த விஷயம். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை."

அமைச்சர் தலை குனிந்தார். "இந்தச் சங்கு யோசனை எனக்கு அதற்கு முன்பே இருந்தது. உங்கள் கோபத்துக்குப் பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன்."

கச்சிராயரின் வாளைப் பிடுங்கி, அவரை ஆற்றுத்துறையில் ஓடக்காரர்களுக்கு எடுபிடியாக அனுப்பினான் அரசன். அமைச்சருக்கு முத்துமாலை போட்டான். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

சாத்தன் மேலிருந்த ஆணையை இன்னும் யாரும் ரத்து செய்திருக்கவில்லை. அதை ரத்து செய்ய அரசன் சங்கோடு மேல்மாடத்துக்கு ஏறினான். மூச்சு வாங்கவில்லை. ஆறு இருக்கும் திசையைப் பார்த்து நின்று, நிதானமாக இழுத்து ஊதினான். சங்கு இந்த முறை முழங்கியது. யாரை நாடு கடத்துகிறார்களோ என்று ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். வீதியில் யாரும் போகவில்லை. யாரும் வரவும் இல்லை.