கல்லுக்கு வெளியே

"இன்னும் ரெண்டு அடி, அக்கா. மூக்கைக் கொடுத்துத் தள்ளுங்க," என்றது நரி.

காட்டுப்பன்றி செம்பி வெள்ளைக்கல்லை முட்டியது. கல் புரண்டது. அடியில் இருந்த தேள் ஒன்று புல்லுக்குள் ஓடியது. செம்பியின் புதருக்குப் பின்னால் இருந்த கல், இப்போது புதரைத் தாண்டி வேங்கை மரத்தின் பக்கமாகக் கிடந்தது.

"அவ்வளவுதான். இனி உங்க வீடு கல்லுக்கு வெளியே. வெளியே இருக்கிறவங்க பங்கு கொடுக்க வேண்டாம்."

செம்பியின் ஐந்து குட்டிகளும் கல் கிடந்த ஈர மண்ணை முகர்ந்தன.

அந்த வேங்கை மரத்தைச் சுற்றி இப்படிப் பன்னிரண்டு கற்கள் இருந்தன. மரத்தின் பொந்தில் பட்டை ஏடுகள் அடுக்கியிருந்தன. எந்த ஓடை முதலில் வற்றும், எந்தக் காளான் கொல்லும், மனிதர்கள் எந்த வழியில் வலை கட்டுவார்கள் என்று காட்டில் கண்டதையெல்லாம் நகத்தால் கீறி வைத்த ஏடுகள். அவற்றைப் படித்துச் சொல்வது தேவாங்கின் வேலை. ஏடுகளைத் தினமும் புரட்டித் தட்டி வெயில் காட்ட வேண்டும். விட்டால் கரையான் ஏறிவிடும். தேவாங்கோ மெதுவாக நடக்கும் பிராணி. இரை தேடப் போனால் ஏட்டைப் பார்க்க முடியாது. ஆகவே கற்களுக்கு உள்ளே குடியிருப்பவர்கள், அமாவாசைதோறும் தலைக்கு ஒரு கிழங்கோ பழமோ மரத்தடியில் வைப்பது என்று ஏற்பாடு. காட்டின் ராஜாவான புலிக்குச் செலுத்தும் பங்கு வேறு. இது பொந்துக்கு மட்டும்.

"தப்பில்லையே, தம்பி?" என்றது செம்பி.

"எத்தனை தடவை அங்கே போய்க் கேட்டிருக்கீங்க?"

"குட்டி போடறதுக்கு முன்னால ஒரு தடவை."

"ஒரு தடவை கேட்டதுக்கு ஒவ்வொரு அமாவாசைக்கும் ஆறு கிழங்கு. நல்லா இருக்கு நியாயம். நாளைக்கு ஏதாவது தெரியணும்னா அப்பவும் போய்க் கேளுங்க. கல்லுக்கு உள்ளேயா வெளியேயான்னு அது கேக்காது. முழிக்கத்தான் தெரியும் அதுக்கு."

அது உண்மைதான். எங்கே குடியிருக்கிறாய் என்று தேவாங்கு யாரிடமும் கேட்டதில்லை.

நரி தன் கல்லை முந்தியே தள்ளியிருந்தது. செம்பியைப் பார்த்து மான்கள் தள்ளின. பிறகு முயல். பிறகு மந்திகள். இரண்டு அமாவாசை கழிவதற்குள் பன்னிரண்டு கற்களும் மரத்தின் வேரோடு ஒட்டிக் கிடந்தன. உள்ளே குடியிருந்தது தேவாங்கு மட்டும்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு வெடி. மேலே எழுந்த பறவைகள் வெகுநேரம் இறங்கவில்லை. மாலையில் கரடி ஓடைக்கு வந்தது. அதற்குத் தாடை இல்லை. தண்ணீரில் முகத்தை வைத்தது. குடிக்க முடியவில்லை. மூன்று நாள் அங்கேயே நின்றது. அந்த மூன்று நாளும் யாரும் ஓடைக்குப் போகவில்லை.

"பழம்தான் கடிச்சதாம்," என்றது முயல். "வெறும் பலாச்சுளை."

அதற்குப் பிறகு காட்டில் எந்த வாயும் நிம்மதியாக எதையும் கடிக்கவில்லை. மந்திகள் பழத்தைப் பறித்து, முகர்ந்து, கீழே போட்டன. செம்பி கிழங்கைத் தோண்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பட்டினியில் பால் வற்றியது. குட்டிகள் கத்தின.

செம்பி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேங்கை மரத்துக்குப் போனது. நரியும் பின்னாலேயே வந்தது. பொந்தில் யாருமில்லை.

"எங்கே போச்சு?"

"இரை தேடப் போயிருக்கும்," என்றது நரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வெயில் சாய்ந்த பிறகு தேவாங்கு வந்தது. எலும்பும் கண்ணுமாக இருந்தது. வாயில் பாதி வண்டு.

"ஐயா, வெடிக்கிற பழத்தைப் பத்தி ஏடு இருக்கா?"

"இருக்கும்மா. எனக்கு முன்னால இருந்தவர் கீறினது."

தேவாங்கு அவசரப்படப் பார்த்தது. அதற்கு அவசரப்பட வராது. ஒவ்வொரு ஏடாக எடுத்தது. சில ஏடுகள் கையிலேயே உதிர்ந்தன. செம்பி காலை மாற்றி மாற்றி நின்றது.

"இதோ. 'மனிதர்கள் பழத்துக்குள் வெடிமருந்து வைக்கிறார்கள். அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். கடித்தால் வாய் போகும். பார்த்தால் தெரியாது. முகர்ந்தால் தெரியும். பழ வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருக்கும். அது...'"

"அது?"

தேவாங்கு பட்டையைத் திருப்பியது. மீதி இடத்தில் கரையான் மண்தான் இருந்தது.

"படிச்சவர்தானே நீங்க. ஞாபகம் இல்லையா?" என்று நரி சீறியது.

"எண்ணூறு ஏடு இருந்தது," என்றது தேவாங்கு. "ரெண்டு மாசமா புரட்ட முடியலை."

வேரோடு ஒட்டிக் கிடந்த கற்களை நரி பார்த்தது.

செம்பி திரும்பிப் பார்த்தது. நான்கு குட்டிகள்தான் நின்றன. காற்றில் பலாச்சுளை வாசனை வந்தது.

"சின்னவனே!"

செம்பி ஓடியது. கற்களைத் தாண்டுவதற்குள் வெடித்துவிட்டது.

செம்பி தனியாகத் திரும்பி வந்தபோது அதன் மூக்கில் கரி ஒட்டியிருந்தது. நரி எழுந்து நின்றது. செம்பி அதைப் பார்க்கவில்லை.

"எழுதிக்கோங்க ஐயா," என்றது தேவாங்கிடம். "பக்கத்துல வெடிக்காத சுளை இன்னொண்ணு கிடந்தது. மோந்து பார்த்தேன். கூமுட்டை வாசனை. அதோட அடுப்புக்கரி வாசனை. மேலே பலாப்பழம்."

தேவாங்கு புதுப் பட்டையை எடுத்து நிதானமாகக் கீறியது. கீறியதைத் திரும்பப் படித்துக் காட்டியது. நரி அதைக் கேட்டு மான்களிடம் ஓடியது. மான்கள் மந்திகளிடம் சொல்லின. அந்தக் கோடையில் வேறு யாரும் அவுட்டுக்காயைக் கடிக்கவில்லை.

என்றைக்கோ ஒரு நாள் எல்லோருக்கும் தேவைப்படும் ஒன்றை, தேவைப்படாத நாட்களிலும் எல்லோரும் சேர்ந்துதான் காப்பாற்றி வைக்க வேண்டும்.

அடுத்த அமாவாசைக்குள் பன்னிரண்டு கற்களும் பழைய இடத்துக்குப் போயிருந்தன. செம்பி நான்கு குட்டிகளோடு வந்தது. மரத்தடியில் பழைய கணக்குப்படியே ஆறு கிழங்குகளை வைத்துவிட்டுப் போனது.